சுறா மீன்தான், ஓங்கில் மீனன்று: கிரேக்கத்தில் ஆறு நாள்கள்

முதல் நாள்: ஏதென்ஸ், அகோரா

யூதிஃப்ரோவைச் சாக்ரடீஸ் சந்தித்த இடத்தைப் பார்க்க நுழைவுச் சீட்டுகூடத் தேவையில்லை. அட்ரியானு தெருவில், உணவகங்களின் நாற்காலி வரிசைக்கு அப்பால் இருக்கும் கம்பி வேலியருகே நின்று கீழே பார்த்தால், தெரு மட்டத்திலிருந்து நன்றாகத் தாழ்ந்த பள்ளத்தில் சில கல்வரிசைகள் தரையோடு தரையாகக் கிடக்கின்றன. அரச மண்டபம் என்று பெயர் பெற்றிருந்த ஸ்டோவா பசிலியோஸ் அதுதான். பிரேயஸ் துறைமுகத்துக்குப் போகும் மின்ரயில் பாதை பழைய சந்தைவெளியான அகோராவின் வடபகுதியை வெட்டிக்கொண்டு செல்வதால், இம்மண்டபம் பாதைக்கு அந்தப் பக்கம் தனியே ஒதுங்கிக் கிடந்து, 1970-இல்தான் அகழாய்வில் வெளிப்பட்டது. பதவியேற்கும் அதிகாரிகள் ஏறி நின்று உறுதிமொழி எடுத்த பெரிய கல் இன்றும் மண்டபத்தின் முன்னால் இருக்கிறது. நான் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு சாம்பல் நிறப் பூனை அதன்மேல் படுத்து வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

கி.மு. 399-இல் தம்மீது தொடரப்பட்ட வழக்கின் பொருட்டுச் சாக்ரடீஸ் இங்கே வந்ததாகவும், கூலியாள் ஒருவனின் சாவுக்காகத் தன் சொந்தத் தந்தையின் மீதே வழக்குத் தொடுக்க வந்திருந்த யூதிஃப்ரோவை எதிர்கொண்டதாகவும் பிளேட்டோ எழுதியிருக்கிறார். தான் செய்வது பக்தியான செயல் என்பதில் யூதிஃப்ரோவுக்கு ஐயமே இல்லை. அப்படியானால் பக்தி என்பது எது என்று சாக்ரடீஸ் கேட்கிறார். இதோ இப்போது நான் செய்வதுதான் பக்தி என்று அவன் ஒரு செயலைக் காட்ட, பக்தியான செயல்கள் பலவற்றுள் ஒன்றிரண்டைக் காட்டும்படி நான் கேட்கவில்லை, பக்தியான எல்லாவற்றையும் பக்தியானவையாக ஆக்குகின்ற அந்த ஒரே எய்டோஸ் எது என்றே கேட்டேன் என்று சாக்ரடீஸ் திருத்துகிறார். நான் இந்தப் பயணத்துக்குக் கிளம்பியதே இந்த ஒரு கேள்விக்காகத்தான். கல்லூரி விலங்கியல் துறையின் காட்சிக்கூடத்தைக் கவனித்துக்கொண்ட ஆண்டுகள் முழுவதும், பார்மலினில் மிதக்கும் உயிர்களின் ஜாடிகளில் பெயர்ச்சீட்டு ஒட்டுவதே என் வேலையாக இருந்தது. இந்த உயிரை இந்த இனத்தில் சேர்க்கும் உரிமையை எனக்கு எது தந்தது என்று அப்போது நான் ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை.

தொடங்கும்போதே இரண்டு சொற்களைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். எய்டோஸ் என்ற கிரேக்கச் சொல் 'காணுதல்' என்னும் வேரிலிருந்து வந்தது. கண்ணுக்குப் படும் தோற்றம் என்பதே அதன் பழைய பொருள். கெனோஸ் என்ற மற்றொரு சொல் பிறப்பைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தது. ஒரு வழியில் பிறந்தவர்களின் கூட்டம், குலம் என்பது அதன் பொருள். ஒரு பொருள் தன் இனத்தைச் சேர்ந்தது என்பதற்கு அது எப்படித் தோன்றுகிறது என்பது காரணமா, எதிலிருந்து பிறந்தது என்பது காரணமா என்ற இழுபறி அம்மொழியின் சொற்களிலேயே ஒளிந்திருக்கிறது. சாதி என்ற சொல்லும் இதே பிறப்பு வேரின் வழிவந்ததே. அது நம்மிடையே சுமந்து திரியும் பாரம் கருதி இக்குறிப்புகளில் அதை விலக்கிவிட்டு, இனம் என்றே எழுதப் போகிறேன்.

பிளேட்டோவின் வேறோர் உரையாடலில் தேனீக்கள் வருகின்றன. நற்குணம் என்றால் என்ன என்று கேட்டதற்கு ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று, குழந்தைக்கு ஒன்று என்று மேனோ அடுக்கிக்கொண்டே போக, ஒன்று கேட்டால் ஒரு கூட்டத்தையே கொண்டுவந்து விட்டாயே என்று சாக்ரடீஸ் கேலி செய்கிறார். தேனீக்கள் பருமனிலும் அழகிலும் ஒன்றுக்கொன்று வேறுபடலாம், ஆனால் தேனீயாக இருப்பதில் அவற்றுக்குள் வேறுபாடு உண்டா என்பது அவர் தொடர்ந்து கேட்பது. மிக எளிய கேள்வியாகத்தான் தெரிகிறது. தேனீயாக இருப்பதில் வேறுபடாமல் இருக்கும் 'அது' எங்கே இருக்கிறது என்று கேட்கத் தொடங்கிய பிறகுதான் எளிமை போய்விடுகிறது. இந்த மண்டபத்துக்கு மிக அருகிலேயே இருந்த ஓவிய மண்டபத்தில் சுமார் நூறு ஆண்டுகளுக்குப் பின் கூடிய ஸ்டோயிக்குகள் என்ற தத்துவப் பிரிவினர், அப்படிப்பட்ட 'அது' ஒரு பொருளே இல்லை, மனத்தின் கற்பனை உரு மட்டுமே என்று கைவிரித்துவிட்டார்கள்.

இரண்டாம் நாள்: அகாடமி

பிளேட்டோவின் அகாடமி இன்று நகரின் வடமேற்கில் சாதாரண மக்கள் குடியிருக்கும் பகுதியில் உள்ள ஒரு பூங்கா. சுற்றிலும் அடுக்குமாடி வீடுகளின் பால்கனிகளில் துணி காய்கிறது. பைன் மரங்களுக்கு இடையே இளைஞர்கள் நாய்களோடு நடக்கிறார்கள். 1929-இல் பனாயோதிஸ் அரிஸ்டோஃப்ரோன் என்ற கட்டடக் கலைஞர் தம் சொந்தப் பணத்தைச் செலவிட்டு இங்கே தோண்டத் தொடங்கினார். உடற்பயிற்சிக் கூடத்தின் அடித்தளமும் சில சுவர்களும் கிடைத்திருக்கின்றன. பழைய தோப்பின் மரங்களில் எதுவும் இருக்க வழியில்லை, கி.மு. 87-86-இல் ஏதென்ஸை முற்றுகையிட்ட ரோமானியத் தளபதி சுல்லா, கோட்டையைத் தகர்க்கும் பொறிகளுக்காக அவற்றை வெட்டிவிட்டான்.

இங்கே கி.மு. 387 வாக்கில் பிளேட்டோ பாடம் சொல்லத் தொடங்கினார். இருபது ஆண்டுகளுக்குப் பின், 17 வயதில் அரிஸ்டாட்டில் வந்து சேர்ந்து, ஆசிரியர் இறக்கும் வரை இன்னும் இருபது ஆண்டுகள் தங்கினார். இங்கே அவர்கள் பழகிய விளையாட்டு, ஏதேனும் ஒன்றை எடுத்துக்கொண்டு அதை உள்ளடக்கிய பெரிய இனத்தை இரண்டாக வகுத்து, வேண்டிய பாதியை மட்டும் வைத்துக்கொண்டு அதை மறுபடி இரண்டாக வகுத்து, அப்படியே போய்க் கடைசியில் அப்பொருளைத் தனியே பிடித்துவிடுவது. ஓர் உரையாடலில் தூண்டில்காரன் இப்படிப் பிடிபடுகிறான். கலைகளில் ஆக்கும் கலை ஒரு புறம், அடையும் கலை மறுபுறம். அடைவதில் ஒப்புதலோடு அடைவது ஒன்று, கைப்பற்றுவது மற்றொன்று. கைப்பற்றுவதில் வேட்டை, வேட்டையில் உயிருள்ளவற்றை வேட்டையாடுவது, அதில் நீந்துபவற்றை வேட்டையாடுவது, அதில் மீன், மீனில் அடித்துப் பிடிப்பது, கடைசியில் முள்ளால் கீழிருந்து மேலே இழுப்பது. படித்தபோது தாவர இனங்களை அடையாளம் காண நாங்கள் மாணவர்களுக்குத் தந்த இணைக்குறிப்புப் பட்டியலே நினைவுக்கு வந்தது. 'இலை எதிரெதிர் எனில் 2-க்குச் செல்க, மாற்றிலை எனில் 7-க்குச் செல்க' என்று இன்றும் எல்லாத் தாவரவியல் ஆய்வகங்களிலும் பயன்படும் அந்த முறைக்கு இந்தப் பூங்காவில் ஒரு மூதாதை இருக்கிறது.

இதை ஊர் சும்மா விடுமா? எபிகிரேட்டஸ் என்ற நகைச்சுவை நாடக ஆசிரியரின் துண்டு ஒன்று எஞ்சியிருக்கிறது. அகாடமியின் மாணவர்கள் குனிந்த தலை நிமிராமல் ஒரு பூசணிக்காயைப் பற்றி யோசிக்கிறார்கள். ஒருவன் அதை உருண்டைக் காய் என்கிறான், இன்னொருவன் புல் என்கிறான், மற்றொருவன் மரம் என்கிறான். அங்கிருந்த சிசிலி நாட்டு மருத்துவர் ஒருவர் இதைக் கேட்டுப் பொறுக்க மாட்டாமல் சத்தமாகக் காற்றுப் பிரித்துத் தம் கருத்தைத் தெரிவிக்கிறார். மாணவர்கள் அதைக் கவனிக்கவே இல்லை. அருகிலிருந்த பிளேட்டோவும் கோபம் ஏதுமின்றி, மறுபடி முதலிலிருந்து வகுக்கத் தொடங்குங்கள் என்று மெல்லச் சொல்கிறார். கேலிக்காக எழுதப்பட்ட இந்தக் காட்சியில் பிளேட்டோவின் பொறுமைதான் எனக்குப் பிடித்தது. பூசணி மரமா கொடியா என்பது உண்மையிலேயே யோசிக்க வேண்டிய விஷயம் என்று கருதிய ஓர் ஆசிரியரும் மாணவர்களும் இங்கே இருந்தார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

இன்னொரு கதை எல்லோருக்கும் தெரிந்தது. மனிதன் இறகில்லாத இருகால் பிராணி என்று பிளேட்டோ வரையறுத்துப் பாராட்டும் பெற்றிருக்க, சினோப்பிலிருந்து வந்த டயோஜனிஸ் ஒரு சேவலின் இறகுகளையெல்லாம் பிடுங்கி எடுத்துவந்து, இதோ பிளேட்டோவின் மனிதன் என்று பாடசாலைக்குள் விட்டானாம்; அதன்பின் அந்த வரையறையில் 'அகன்ற நகங்களை உடைய' என்பது சேர்க்கப்பட்டதாம். சேவல் வென்றுவிட்டது என்று சிரிப்பதோடு இதை முடித்துவிடுகிறோம். ஆனால் இறகு பிடுங்கப்பட்ட சேவல் இறகில்லாத இனத்தைச் சேர்ந்தது ஆகிவிடாது என்பது சேவலுக்கே தெரியும். 'இல்லாமை' என்பதில் இயல்பாகவே இல்லாதது, இருந்து பறிபோனது என்று இரண்டு உண்டு. வரையறையை எழுதியவர் இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லாமல் விட்டதே பிழை.

பிளேட்டோவுக்கே தம் முறையின் ஆபத்து தெரிந்திருந்தது என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மனித குலத்தைக் கிரேக்கர் என்றும் பிறமொழிக்காரர் என்றும் இரண்டாக வெட்டுவது, எண்களில் பத்தாயிரத்தை மட்டும் தனியே எடுத்து வைத்துவிட்டு மீதி அத்தனை எண்களுக்கும் ஒரே பெயர் சூட்டி அதையும் ஓர் இனம் என்பது போன்றது என்று அரசியலாளன் பற்றிய உரையாடலில் வரும் விருந்தாளி கண்டிக்கிறார். எண்ணை ஒற்றை, இரட்டை என்று வகுத்தால் அதற்கு ஒரு பொருள் உண்டு. கிரேக்கரல்லாத எல்லாரும் ஓர் இனம் என்பதற்கு, நாம் அவர்களல்லர் என்பதைத் தவிர வேறு பொருளில்லை. நாரைக்கு அறிவிருந்தால் உலக உயிர்களை நாரைகள் என்றும் மற்றவை என்றும் வகுத்து, நம்மையும் விலங்குகளோடு சேர்த்து அந்த 'மற்றவை'யில் தள்ளிவிடும் என்று அவர் தொடர்கிறார். பூங்காவை விட்டு வெளியேறும்போது இந்த நாரைதான் மனத்தில் நின்றது.

மூன்றாம் நாள்: மீன்சந்தையும் லைசியமும்

காலை ஏழு மணிக்கே அதினாஸ் தெருவில் உள்ள வர்வாகியோஸ் சந்தைக்குப் போய்விட்டேன். இறைச்சிக் கூடத்தில் ஒரு கசாப்புக்காரர் ஆட்டின் பின்னங்காலை இடுப்பிலிருந்து பிரிப்பதைப் பத்து நிமிடம் நின்று பார்த்தேன். வெட்டுக்கத்தியை அவர் தொடவே இல்லை. இடது கையால் காலை மெல்ல ஆட்டி, எலும்பு எங்கே சுழல்கிறது என்று கட்டைவிரலால் உணர்ந்துகொண்டு, சிறு கத்தியின் முனையை அந்த இடத்தில் நுழைத்துத் தசைநாரை மட்டும் அறுத்தார். கிண்ணத்திலிருந்து உருண்டை கழல்வதைப் போலக் கால் தனியே வந்துவிட்டது. எலும்புத் துணுக்கு ஒன்றுகூடச் சிதறவில்லை. கெட்ட கசாப்புக்காரனைப் போல உறுப்புகளை உடைத்துவிடாமல், இயற்கையான மூட்டுகள் எங்கே இருக்கின்றனவோ அங்கே இனங்களைப் பிரிக்க வேண்டும் என்று பிளேட்டோ சொன்ன உவமையை இதுவரை வெறும் அலங்காரமாகவே நினைத்திருந்தேன். கத்தி வைக்கும் இடத்தைக் கத்தி தீர்மானிப்பதில்லை என்பதை அந்தக் கட்டைவிரல்தான் எனக்குக் காட்டியது.

மீன்கூடத்தில் தரையெல்லாம் பனிக்கட்டி நீர். விலைப்பலகைகளில் 'கலேயோஸ்' என்ற பெயரைக் கண்டதும் நின்றுவிட்டேன். நம் ஊர்ச் சந்தையில் பால்சுறா என்று விற்கும் சிறிய சுறாவுக்கு உறவானது அது. தோல் உரித்து, தலை நீக்கி, வெளிர் சிவப்பாக நீளவாக்கில் அடுக்கியிருந்தார்கள். அரிஸ்டாட்டிலும் இதே பெயரால்தான் இதை எழுதினார். வழவழப்பான கலேயோஸின் குட்டி தாயின் கருப்பையோடு கொப்பூழ்க்கொடியால் இணைந்து வளர்கிறது என்று அவர் எழுதியதைப் பல நூற்றாண்டுகள் பெரும்பாலோர் பொருட்படுத்தவில்லை. 1842-இல் யோகன்னஸ் முல்லர் என்ற ஜெர்மானிய உடற்கூற்றியலாளர் அதை மெய்ப்பித்தார். மாணவியாக இருந்தபோது பால்சுறா ஒன்றை அறுத்து, உள்ளே கொடியோடு சுருண்டு கிடந்த குட்டிகளைப் பார்த்துத் திகைத்தது எனக்கு இன்னும் மறக்கவில்லை.

இனங்களைப் பற்றிய அரிஸ்டாட்டிலின் எண்ணம் முழுவதும் இந்த மீனில் அடங்கியிருக்கிறது என்று சொன்னால் மிகையில்லை. குட்டி போடுவது, முட்டையிடுவது என்ற ஒரே வேறுபாட்டை வைத்துக்கொண்டு உயிர்களை இரண்டாக வெட்டியிருந்தால், கலேயோஸ் ஆட்டோடும் மனிதனோடும் போய்ச் சேர்ந்திருக்கும். உருவத்தை மட்டும் வைத்து வெட்டியிருந்தால் ஓங்கில் (டால்பின்) மீனாகியிருக்கும். அவரோ கலேயோஸை மீன் என்றார். அதற்குச் செவுள் உண்டு, நுரையீரல் இல்லை. ஓங்கிலையும் திமிங்கிலத்தையும் மீனிலிருந்து பிரித்துத் தனி இனமாக வைத்தார். அவை நுரையீரலால் மூச்சு விடுகின்றன, உயிருள்ள குட்டி ஈன்று பால் கொடுக்கின்றன. எந்த ஓர் அடையாளமும் தனியாக நின்று தீர்ப்புச் சொல்லவில்லை.

பிற்பகல் ரிகில்லிஸ் தெருவுக்குப் போனேன். புதிய கலைக்கூடம் ஒன்றுக்காக 1996-இல் அடித்தளம் தோண்டியபோது ஒரு மல்யுத்தப் பயிற்சிக் கூடத்தின் சுவர்கள் வெளிப்பட்டன, கி.மு. 335-இல் ஏதென்ஸுக்குத் திரும்பிய அரிஸ்டாட்டில் பாடம் நடத்திய லைசியம் அதுவே என்று அறிஞர்கள் ஏற்றுக்கொண்டார்கள். 2014 முதல் பொதுமக்களும் பார்க்கலாம். முழங்கால் உயரச் சுவர்கள், குளியல் தொட்டிகளின் தடங்கள், ஓரத்தில் லாவண்டர் செடிகள், அவ்வளவுதான். அரை மணியில் சுற்றிவிட்டு ஒரு பெஞ்சில் அமர்ந்து, விலங்குகளின் உறுப்புகளைப் பற்றிய அவருடைய நூலின் முதல் பகுதியை மறுபடி வாசித்தேன்.

அகாடமியின் இருகூறு முறை அங்கே அக்கக்காகக் கழற்றப்படுகிறது. நிலவாழ்வன, நீர்வாழ்வன என்று வெட்டினால் பறவையினம் இரண்டு பக்கமும் சிதறிப்போகும். பறவை என்று மக்கள் ஏற்கெனவே சரியாகப் பெயரிட்டுச் சேர்த்து வைத்திருப்பதை அறிஞன் கிழிக்கக் கூடாது. இறக்கையில்லாதவை என்று ஒரு பாதியை ஒதுக்கினால், இல்லாமையை மேற்கொண்டு எப்படிப் பிரிப்பது? இல்லாத ஒன்றில் வகைகள் இல்லையே. ஆகவே முதலிலேயே பல வேறுபாடுகளைச் சேர்த்து எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது அவருடைய முடிவு. ஓர் இனத்துக்குள் இருப்பவை கூடுதல் குறைவால் மட்டுமே வேறுபடுகின்றன. ஒரு பறவைக்கு அலகு நீளம், இன்னொன்றுக்குக் குட்டை. பேரினங்களோ ஒப்புமையால் மட்டுமே தொடர்புடையவை. பறவைக்கு இறகு எதுவோ மீனுக்குச் செதில் அது. இவ்வளவு எளிதாகவும் இவ்வளவு ஆழமாகவும் இதை வேறு யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை.

ஆனால் அதே மனிதர்தான் அரசியல் பற்றிய நூலில், இயற்கையிலேயே அடிமையாகப் பிறந்தவர்கள் உண்டு என்று எழுதினார். சுதந்திர மனிதனின் உடலையும் அடிமையின் உடலையும் வெவ்வேறாக ஆக்கவே இயற்கை விரும்புகிறது என்று சொல்லிவிட்டு, பல வேளைகளில் இதற்கு நேர்மாறாகவே நடக்கிறது என்று அடுத்த மூச்சிலேயே ஒப்புக்கொள்கிறார். மீன் விஷயத்தில் இப்படி ஒரு சான்று எதிராக வந்திருந்தால் அவர் இனத்தையே கலைத்து மறுபடி வகுத்திருப்பார். இங்கே கலைக்கவில்லை. ஆசிரியர் எச்சரித்த நாரை, மாணவரின் தலைக்கு மேலேயே வந்து அமர்ந்துவிட்டது என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு எழுந்தேன்.

நான்காம் நாள்: பிரேயஸிலிருந்து மித்திலீனிக்கு

லெஸ்போஸ் தீவின் மித்திலீனி துறைமுகத்துக்கு இரவுக் கப்பல். முன்பதிவில் ஏற்பட்ட குழப்பத்தால் படுக்கைக்குப் பதிலாக எனக்கு நாற்காலியே கிடைத்தது. தூக்கம் வராததால் விடியும் முன்பே மேல்தளத்தில் போய் நின்றுகொண்டேன். ஓங்கில் ஒன்றும் தென்படவில்லை. மீனவர்கள் சில ஓங்கில்களின் வாலில் வெட்டு அடையாளம் இட்டுக் கடலில் விட்டு, அவை 25, 30 ஆண்டுகள் வரை வாழ்வதைக் கண்டறிந்திருக்கிறார்கள் என்று அரிஸ்டாட்டில் எழுதியிருப்பதை நினைத்துக்கொண்டேன். பெயரும் ஊரும் தெரியாத அந்த மீனவர்களே அவருடைய ஆசிரியர்களில் பாதிப்பேர்.

எதை முதலில் 'இருப்பது' என்று சொல்ல வேண்டும் என்பதில் அவர் ஆசிரியரிடமிருந்து விலகியதும் இங்கேதான் பொருந்துகிறது. இந்தக் குறிப்பிட்ட மனிதன், இந்தக் குறிப்பிட்ட குதிரை, இவையே முதன்மையான இருப்புகள். மனிதன் என்ற இனமும் விலங்கு என்ற பேரினமும் இரண்டாம் நிலையில் மட்டுமே இருப்புகள் என்பது அவருடைய கட்சி. வாலில் வெட்டு வாங்கிய இந்த ஓங்கில் இல்லையென்றால் ஓங்கில் என்ற இனமும் எங்கும் இல்லை. குதிரை என் கண்ணுக்குத் தெரிகிறது, குதிரைத்தன்மை தெரியவில்லை என்று பிளேட்டோவைச் சீண்டிய அந்திஸ்தனிஸ் அளவுக்கு அரிஸ்டாட்டில் போகவில்லை. குதிரைத்தன்மை உண்டு, ஆனால் அதைக் குதிரைக்கு வெளியே தேடாதே என்பதோடு நின்றுகொண்டார்.

ஐந்தாம் நாள்: கல்லோனி வளைகுடா

மித்திலீனியிலிருந்து பேருந்தில் ஏறி, பைன் காடுகளையும் ஒலிவத் தோப்புகளையும் கடந்து, தீவின் நடுவயிற்றுக்குள் கடல் புகுந்திருக்கும் இடத்துக்கு வந்து சேர்ந்தேன். கல்லோனி வளைகுடாவுக்கு வாய் குறுகல், உள்ளே அகலம். ஏரி என்றே நினைக்கத் தோன்றும். ஒரு பக்கம் உப்பளங்கள், அவற்றில் பூநாரைகள். இந்த ஊர் மத்தி மீன் நாடெங்கும் பெயர் பெற்றது. உப்பில் சில மணி நேரம் மட்டும் ஊறவைத்து, தோலை விரலால் நீவி எடுத்துவிட்டுப் பச்சையாகவே தின்கிறார்கள். கொஞ்சம் தயங்கிவிட்டுத்தான் வாயில் போட்டேன், பிறகு தயங்கவில்லை.

பிளேட்டோ இறந்தபின் ஏதென்ஸை விட்டுக் கிளம்பிய அரிஸ்டாட்டில், எதிர்க்கரையில் உள்ள அசோஸில் சில காலம் இருந்துவிட்டு, கி.மு. 345 வாக்கில் இந்தத் தீவுக்கு வந்து இரண்டு ஆண்டுகள் போல் தங்கினார். வளைகுடாவின் கரையில் அன்று இருந்த ஊரின் பெயர் பிர்ரா. 'பிர்ராவின் கடலிடுக்கு' என்று அவருடைய விலங்கு நூல்களில் மீண்டும் மீண்டும் வருவது இந்த நீரைத்தான். இங்குள்ள மீன்கள் குளிர்காலத்தில் குளிர் தாங்காமல் வெளிக்கடலுக்குப் போய்விடுகின்றன, உளுவை இன மீன் மட்டும் தங்கிவிடுகிறது என்று ஓரிடத்தில் எழுதுகிறார். ஒரு காலத்தில் விசிறி போன்ற ஓடுடைய சிப்பிகள் இங்கே அடியோடு அற்றுப்போயின, அதற்கு அவற்றை வாரியெடுக்கும் கருவி மட்டுமன்று, வறட்சியும் காரணம் என்று இன்னோரிடத்தில் எழுதுகிறார். எல்லாக் காலத்துக்கும் பொருந்தும் உண்மையைத் தேடுகிற ஒரு தத்துவவாதி, ஒரு வளைகுடாவில் ஒரு பருவத்தில் சிப்பி கிடைக்காமல் போனதைக் குறித்து வைத்திருக்கிறார் என்பதே எனக்கு வியப்பு.

மாலையில், படகுகள் கட்டும் கற்பாரில் இறங்கி, நீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே பாறையில் ஒட்டியிருந்த கடற்சாமந்தி ஒன்றை விரலால் தொட்டேன். பச்சையும் ஊதாவும் கலந்த அதன் கைகள் முதலில் நீரோட்டத்தோடு புல் போல அசைந்துகொண்டிருந்தன. விரல் பட்ட கணத்தில் ஐந்தாறு கைகள் அதில் ஒட்டிக்கொண்டன. ஒட்டுநாடாவைப் போன்ற மெல்லிய பிடிப்பு. இழுத்தபோது விடவில்லை, ஒவ்வொன்றாகத்தான் விட்டுக்கொடுத்தன. கிரேக்கர் இதற்கு இட்ட பெயர் காஞ்சொறிச் செடியின் பெயரேதான். அரிஸ்டாட்டில் இதைச் சிப்பிகளோடு சேர்க்க மறுத்து, வகுத்து வைத்த இனங்களுக்கு வெளியே நிறுத்துகிறார். பாறையிலிருந்து கழன்று சென்று இரையைப் பற்றுவதால் விலங்கின் பக்கம், ஒட்டிக் கிடப்பதாலும் உடல் முழுமை பெறாததாலும் செடியின் பக்கம்; இரண்டு பக்கமும் சாய்கிறது என்பதற்கு அவர் ஒரு தனி வினைச்சொல்லே வைத்திருக்கிறார். வௌவாலும் கடல்நாயும் அந்தச் சொல்லைப் பெறுகின்றன. தீக்கோழிக்கும் அதுவே: இறகு உண்டு, பறக்காது, பறவையைப் போல இரண்டு கால், ஆனால் விலங்கைப் போலக் குளம்பு, போதாததற்குக் கண்ணிமை மயிர் வேறு. கடற்பஞ்சோ எல்லா வகையிலும் செடியைப் போலவே இருக்கிறது என்கிறார். உயிரற்றதிலிருந்து விலங்கு வரை இயற்கை சிறிது சிறிதாகவே ஏறுகிறது, எல்லைக்கோடு எங்கே, இடைப்பட்டது எந்தப் பக்கம் என்று காண முடியாதபடி ஏறுகிறது என்ற புகழ்பெற்ற வரிகளை எழுதியவர் இப்படிப்பட்ட பாறை ஒன்றின் அருகே அமர்ந்திருக்க வேண்டும் என்று கற்பனை செய்யும் உரிமை பயணிக்கு உண்டல்லவா?

இதைப் படித்துவிட்டு, இனங்களுக்கு இடையே கோடே இல்லை என்று அவர் கைவிட்டுவிட்டதாக எண்ணக் கூடாது. மனிதனை மனிதன் பெறுகிறான் என்பது அவர் அலுக்காமல் திரும்பத் திரும்பச் சொல்லும் வாக்கியம். பிளேட்டோவுக்கு எய்டோஸ் பொருள்களைத் தாண்டி நின்ற ஒரு மூலப்படி. மாணவருக்கோ அது தந்தையிலிருந்து பிள்ளைக்குக் கைமாறிக்கொண்டே இருக்கும் உயிர்ப்பாங்கு, வாழும் முறையின் ஒழுங்கு. முதல் நாள் எழுதிய இரண்டு சொற்களும், தோற்றமும் பிறப்பும், இந்த வாக்கியத்தில் ஒன்றையொன்று கைப்பிடித்துக்கொள்கின்றன.

ஆறாம் நாள்: எரெசோஸ், சிக்ரி

தீவின் மேற்குக் கரை பச்சை வற்றிய எரிமலைக் கல்நிலம். எரெசோஸ், அரிஸ்டாட்டிலின் நண்பரும் அவருக்குப் பின் லைசியத்தை நடத்தியவருமான தியோபிராஸ்டஸ் பிறந்த ஊர். கடற்கரையில் காப்பி குடிக்கும் கூட்டத்துக்குப் பின்னால் குன்று ஒன்று. பழைய நகரம் அங்கே இருந்தது.

தாவரங்களைப் பற்றி அவர் எழுதிய நூல்களுள் ஒன்றில் ஒன்பது பகுதிகள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. விலங்குகளுக்கு வாயும் வயிறும் எல்லாவற்றுக்கும் பொது, தாவரங்களிலோ எல்லாவற்றுக்கும் பொதுவான உறுப்பு என்று ஒன்றைக்கூடக் காட்ட முடியவில்லை என்ற திகைப்போடு அவர் தொடங்குகிறார். மரம், புதர், சிறுபுதர், பூண்டு என்று நான்காக வகுத்த கையோடு, இந்த வரையறைகளைப் பெரும்போக்காகவே கொள்ள வேண்டும் என்கிறார். துத்திக்கு உறவான மாலோ செடி பூண்டுதான், ஆனால் ஆறேழு மாதத்தில் ஈட்டியின் நீளமும் பருமனும் அடைந்துவிடுகிறது, அதைக் கைத்தடியாக ஊன்றி நடக்கிறார்கள் என்பது அவர் தரும் சான்று. அகாடமியின் பூசணிக்காய்க்குக் கிடைத்த பதில் இது என்று எனக்குப் பட்டது. அவர் கண்ணால் காணாத இந்திய ஆலமரமும் அவர் நூலில் இருக்கிறது. அலெக்சாண்டரின் படையோடு போனவர்கள் கொண்டுவந்த செய்தியை வைத்து, கிளைகளிலிருந்து வேர் இறங்கித் தரையில் ஊன்றி மரத்தைச் சுற்றி வேலி போலவும் கூடாரம் போலவும் நிற்பதையும், இவ்வளவு பெரிய மரத்துக்குப் பழம் கொண்டைக்கடலை அளவே என்பதையும் எழுதி, அதை 'இந்திய அத்தி' என்கிறார். விழுதின் விந்தையில் மயங்காமல் பழத்தைப் பார்த்து இனம் சேர்த்திருக்கிறார். இன்றைய தாவரவியலும் ஆலையும் அத்தியையும் ஒரே பேரினத்தில்தான் வைத்திருக்கிறது.

சிக்ரிக்குப் போகும் வழியில் கல்லாகிப்போன காடு இருக்கிறது. சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைச் சாம்பலில் புதைந்து, மரத்தின் ஒவ்வோர் அணுவறையும் கனிமத்தால் நிரம்பிய அடிமரங்கள் நின்ற நிலையிலேயே நிற்கின்றன. 1985-இல் நாட்டின் பாதுகாக்கப்பட்ட இயற்கைச் சின்னமாக அறிவித்தார்கள். நான் முன்னால் நின்ற அடிமரம் செம்மையும் சாம்பலுமாக இருந்தது. பட்டையின் வெடிப்புகள், முடிச்சு, மேலே உடைந்த இடத்தில் ஆண்டு வளையங்கள் எல்லாம் அப்படியே. தட்டிப் பார்க்க அனுமதியில்லை. காவலுக்கு இருந்த பெண் அதைக் காட்டி 'தென்த்ரோ' என்றார்; மரத்துக்குத் தியோபிராஸ்டஸ் எழுதிய சொல்லும் ஏறக்குறைய அதுவே.

கல்லில் செய்த கையைக் கை என்பது பெயரளவில் மட்டுமே என்று அரிஸ்டாட்டில் சொல்கிறார். கை எது என்பதை அதன் வேலை தீர்மானிக்கிறது. பற்ற முடியாதது கையாகாது, பார்க்க முடியாத கண்ணும் கண்ணாகாது, இறந்தவன் உடலுக்கும் அந்த விதியே. அப்படியானால் எதிரில் நிற்பது மரமில்லை. அது நீர் உறிஞ்சவில்லை, தன்னைப் போல் இன்னொன்றைப் பெறவில்லை. ஆனாலும் அருகிலிருந்த பலகை, அணுவறைகளின் அமைப்பை ஆராய்ந்து, செக்கோயாவுக்கு உறவான ஊசியிலை மரம் என்று இனத்தைத் திட்டமாகச் சொல்லிவிட்டது. வேலை போய்த் தோற்றம் மட்டும் எஞ்சிய பிறகும் இனம் தெரிகிறது என்றால், எய்டோஸின் பழைய பொருளை, கண்ணுக்குப் படும் அந்த உருவத்தை, அவ்வளவு எளிதில் ஒதுக்கிவிட முடியாது போலிருக்கிறது. பிளேட்டோ இதைப் பார்த்திருந்தால் சிரித்திருப்பார் என்று நினைக்கிறேன்.

சிக்ரியில் பேருந்துக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. துறைமுகச் சுவரில் அமர்ந்து, எங்கள் காட்சிக்கூடத்தின் அலமாரிகளை மேலிருந்து கீழாக மனத்தில் ஓட்டிப் பார்த்தேன். அரிஸ்டாட்டிலின் விதிப்படி அங்கே நான் ஒட்டிய சீட்டுகள் அனைத்தும் இரவல் பெயர்கள். மூன்றாம் தட்டில், இடமிருந்து இரண்டாவது ஜாடியில், கொடியோடு சுருண்ட ஒரு குட்டி இருக்கிறது. 'பால்சுறா, மீன்' என்று அதில் எழுதியிருப்பது என் கையெழுத்து.